ஒரே இழுப்பு

பழைய மெஷின்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே என் ரிப்பேர் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் உருகிவிடுகிறார்கள். "அந்தக் காலத்து இன்ஜினை ஸ்டார்ட் பண்றதுக்கு ஒரு கை வேணும்ப்பா. இப்ப என்ன, சுவிட்சைத் தட்டினா ஓடுது" என்று யாராவது ஆரம்பிப்பார். இன்னொருவர் தன் தாத்தா தனியாளாக ஹேண்டில் போட்டு எட்டு குதிரைச் சக்தி இன்ஜினைச் சுற்றிய கதையைச் சொல்வார். தாத்தா பழைய சோறு தின்றவர், அதனால் அந்தப் பலம் என்று முடியும். நான் கையில் இருக்கும், டீசல் பீய்ச்சும் நாசிலைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். இந்தப் பேச்சில் முழுசாகச் சேரவும் முடியவில்லை, வெட்டிப் பேசவும் முடியவில்லை. அப்படி ஒரு 'கை' உள்ளவர் என்று ஊரே சொன்ன மனிதரின் மகன் நான். அந்தக் கையில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு அதை என்ன செய்வது என்பதுதான் இத்தனை வருஷமாகப் பிடிபடவில்லை.

அப்பா தல்லாகுளம் பக்கம் ஒரு பெரிய பங்களாவில் தோட்டக்காரர். எழுபதுகளின் கடைசி, எண்பதுகளின் தொடக்கம். வேப்ப மரங்களுக்கு நடுவில் அருகம்புல் பாவிய தரை. மதுரை வெயிலில் அதைப் பச்சையாக வைத்திருப்பதற்கே ஒரு கிணறு வேண்டியிருந்தது. அதை வெட்டுவதற்கு இங்கிலாந்திலிருந்து எப்போதோ வந்த ஒரு பெட்ரோல் மெஷின். பங்களாவில் எல்லாரும் அதைப் 'புல்லு மெஷின்' என்றுதான் சொல்வார்கள். இப்போது கடைகளில் பார்க்கிற மாதிரி அடியில் காற்றாடி சுற்றுகிற வகை அல்ல. முன்னால் ஒரு உருளை, அதில் முறுக்கிவிட்ட கத்திகள், கீழே ஒரு நிலைக்கத்தி; இரண்டுக்கும் நடுவில் புல் கத்தரிபடும். பின்னால் இரும்பு ரோலர். வெட்டிய புல் முன்னால் மாட்டிய தகரப் பெட்டியில் போய் விழும். போகும்போது ஒரு பட்டையும் திரும்பி வரும்போது ஒரு பட்டையுமாக, வெளுப்பும் கரும்பச்சையும் மாறி மாறி, தரை முழுக்கக் கோடு விழுந்திருக்கும். இன்ஜின் வில்லியர்ஸ், டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் 16-க்கு 1 என்ற கணக்கில் ஆயில் கலக்க வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் அப்பாவின் சட்டையிலிருந்து அந்தப் புகை வாசனை போகாது.

அதை ஸ்டார்ட் செய்வது ஒரு கயிற்றால். மெஷினோடு சேர்ந்த கயிறு அல்ல, தனிக் கயிறு. ஒரு முனையில் மரக் கைப்பிடி, மறு முனையில் முடிச்சு. ஃப்ளைவீல் என்ற கனச் சக்கரத்தோடு ஒரு சின்னப் புல்லி இருக்கும், அதன் விளிம்பில் ஒரு காடி. முடிச்சைக் காடியில் மாட்டி, கயிற்றைச் சுற்றி, இழுக்க வேண்டும். இழுத்து முடித்ததும் முடிச்சு தானாகக் கழன்று கயிறு கையோடு வந்துவிடும். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால் பெட்ரோல் டேப்பைத் திறந்து, கார்புரேட்டர் தலையில் இருக்கும் சின்னக் குமிழை அமுக்கிப் பெட்ரோல் கசியும்வரை பிடிக்க வேண்டும். அதிகம் பிடித்தால் மூழ்கிப்போகும். அப்புறம் கயிறு இல்லாமலே புல்லியைக் கையால் மெதுவாகத் திருப்பி, பிஸ்டன் மேலேறும்போது 'கம்ப்ரஷன்', அதாவது உள்ளே அமுங்கும் காற்றின் எதிர்ப்பு, கையில் முட்டுகிற இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இடத்தில் நிறுத்தி, கொஞ்சம் பின்னால் தள்ளி, அங்கிருந்துதான் கயிற்றைச் சுற்றுவது. அரைகுறையாக இழுத்தால் நெருப்பு முன்னாடியே பற்றி பிஸ்டனைத் திருப்பி அடிக்கும். கயிறு பறித்துக்கொண்டு போகும். கயிற்றை உள்ளங்கையில் சுற்றிப் பிடித்தவன் விரல் அதோடு போகும். அப்பா கைப்பிடியை விரல் நுனிகளால்தான் பிடிப்பார், எந்த நேரமும் விட்டுவிடத் தயாராக.

அவர் இழுத்தால் ஓடும். மற்றவர்கள் இழுத்தால் ஓடாது. டிரைவர் அண்ணன் இழுத்துப் பார்த்திருக்கிறார், வாட்ச்மேன் இழுத்திருக்கிறார், தோட்ட வேலைக்கு எடுபிடியாக இருந்த பையன் உள்ளங்கை கொப்பளிக்கும்வரை இழுத்திருக்கிறான். "அவருக்குக் கைராசி" என்று பங்களா அம்மாவே வந்தவர்களிடம் சொல்வார்.

எதிர்சேவைக்கு முந்தின நாள்

சித்திரைத் திருவிழா என்றால் மற்ற வீடுகளில் வெள்ளையடிப்பார்கள். அந்தப் பங்களாவில் புல் வெட்டுவார்கள். அழகர் மலையிலிருந்து இறங்கி வந்து தல்லாகுளத்தில் அவரை ஜனங்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நடக்கும் நாளில் வெளியூர்ச் சொந்தக்காரர்கள், அதிகாரிகள் குடும்பங்கள் என்று வாசலே நிறைந்துவிடும். சாயந்திரம் புல்தரையில்தான் நாற்காலி போட்டு உட்காருவார்கள். ஒரு வருஷம் சரியாக அந்த நேரம் பார்த்து அப்பாவுக்குக் காய்ச்சல். செல்லூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் போர்த்திப் படுத்திருந்தார். பங்களாவில் காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் இழுத்திருக்கிறார்கள். கடைசியில் டவுனிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார்கள். அவர் முறைப்படிதான் பார்த்தார். பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைக் கொடுக்கிற பிளக்கைக் கழற்றி, ஒயரை மாட்டி, சிலிண்டர் மேல் வைத்து, பையனைக் கயிற்றை இழுக்கச் சொன்னார். பளிச்சென்று நீல நெருப்பு. "கரண்ட் சுத்தமா வருது, பெட்ரோல் வருது, இதுக்கு மேல மெஷின்ல ஒண்ணும் இல்லை, இழுக்கிற இழுவையிலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டார். பழி முழுக்கப் பையன் மேல் விழுந்தது. "சோறுதானடா திங்கிற?" என்று ஆளுக்கு ஆள் ஏசினார்கள். அப்புறம் காரை அனுப்பி அப்பாவைக் கூப்பிட்டார்கள். முதன்முதலாகக் கார் ஏறும் ஆசையில் நானும் தொற்றிக்கொண்டேன்.

அப்பா போர்வையோடு இறங்கினார். மெஷினைச் சுற்றி ஒரு கூட்டம். "கயிறு மூஞ்சில அடிச்சுரும், எல்லாரும் அங்கிட்டுப் போங்க" என்றார். அது பொய்யில்லை, முடிச்சு கழன்று வரும் வேகத்தில் கண்ணைப் பெயர்த்துவிடும். எல்லாரும் வேப்ப மரத்தடிக்கு ஒதுங்கினார்கள். அவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் குத்தவைத்தார். டேப்பை மூடினார், பிளக்கைக் கழற்றினார், வெறும் இன்ஜினைச் சும்மா இழுத்து உள்ளே தேங்கியிருந்த பெட்ரோலை வெளியேற்றினார். இடுப்பில் சொருகியிருந்த வெற்றிலைப் பையிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பிளக்கை நிதானமாகத் துடைத்தார். மாட்டினார். எழுந்து ஒரே இழுப்பு. குப்பென்று புகை கிளம்பி இன்ஜின் படபடத்தது. மரத்தடியில் கைதட்டினார்கள். மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு கூலி வாங்காமலே போனார். அப்பா காய்ச்சலோடு அந்தத் தரை முழுவதையும் வெட்டி முடித்தார். எனக்குப் பெருமையில் தரையில் கால் பாவவில்லை.

கண்ணாடிக்குள் அணைந்த நெருப்பு

பத்தாவது முடித்துவிட்டு கோ.புதூர் ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் பிரிவில் சேர்ந்தேன். அங்கே பிளக் டெஸ்டர் என்று ஒரு கருவி உண்டு. பிளக்கை அதில் திருகிவிட்டுக் கரண்ட் கொடுத்தால் ஒரு சின்னக் கண்ணாடி வழியாக நெருப்புப் பொறியைப் பார்க்கலாம். கூடவே உள்ளே காற்றழுத்தம் ஏற்றவும் வழி இருக்கும். ஆசிரியர் தேய்ந்துபோன ஒரு பிளக்கை மாட்டினார். பொறி நன்றாக விழுந்தது. "இது நல்ல பிளக்கா?" என்று கேட்டார். எல்லாரும் ஆமாம் என்றோம். அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார். மீட்டர் முள் ஏற ஏறப் பொறி நடுங்கி, இடைவிட்டு, நின்றே போனது. வெளியே விடும்போது தாண்டுகிற இடைவெளியை அமுக்கிய காற்றுக்குள் தாண்ட முடியாது, அதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும், அதனால்தான் பிளக் இடைவெளியை அளந்து வைக்கச் சொல்கிறோம் என்றார். எங்களிடம் இருந்த கேஜ் தகடுகளைச் செருகிப் பார்க்கச் சொன்னார். அரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டியது, ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயே அகண்டிருந்தது.

அந்தப் பழைய புல்லு மெஷினில் பேட்டரி கிடையாது. ஃப்ளைவீலில் பதித்த காந்தம் காயிலைக் கடந்து போகும் நேரத்தில், பாயிண்ட் என்கிற சின்ன சுவிட்ச் திறந்து, அந்தக் கணத்தில் பிறக்கிற கரண்ட்தான். கயிற்றால் இழுக்கும்போது சுற்று குறைவு, பொறியின் பலமும் குறைவு. இடைவெளி அகண்ட பிளக்கை மாட்டினால் வெளியே வைத்துப் பார்க்கிறவனுக்கு நீல நெருப்பு தெரியும். உள்ளே மாட்டி இழுத்தால் எத்தனை பேர் இழுத்தாலும் பற்றாது. டவுன் மெக்கானிக் பார்த்தது அந்த நெருப்பைத்தான். எனக்கு அந்த வகுப்பிலேயே வெற்றிலைப் பை கண் முன்னால் வந்தது. அன்றைக்கு அப்பா துடைத்தது ஒரு பிளக், மாட்டியது வேறு பிளக்.

வீட்டுக்கு வந்து, அவர் குளிக்கப் போன நேரத்தில் பையைத் திறந்தேன். சுண்ணாம்பு டப்பாவுக்குப் பக்கத்தில், எண்ணெய்த் துணியில் சுற்றி, ஒரு பிளக். பீங்கான் நுனி இளம் பழுப்பு, இடைவெளி கச்சிதம். தினமும் வேலை முடிந்ததும் நல்லதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கெட்டதை மாட்டிவிட்டு வந்திருக்கிறார். வருஷக் கணக்காக. சில நாள் முதல் இரண்டு இழுப்பை வேண்டுமென்றே சும்மா இழுத்தும் காட்டுவார் என்று அப்புறம் யோசித்தபோது தோன்றியது. வித்தை அவ்வளவு சுலபமாகத் தெரிந்துவிடக் கூடாதல்லவா.

அவர் வந்து உட்கார்ந்ததும் பிளக்கை அவர் முன்னால் வைத்தேன். திடுக்கிடுவார் என்று நினைத்தேன். "ஐ.டி.ஐ.ல சேத்தது வீண் போகல" என்று சொல்லி வெற்றிலையைக் கிள்ளினார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். யாரும் சொல்லித் தரவில்லையாம். ஒரு தடவை மெஷின் ஓடாமல் மக்கர் பண்ணி, புது பிளக் வாங்கிப் போட்டதும் ஓடியிருக்கிறது. பழையதைத் தூக்கிப் போட மனசில்லாமல் வெளியே வைத்து இழுத்துப் பார்த்திருக்கிறார். நெருப்பு வந்தது. மறுபடி உள்ளே போட்டால் ஓடவில்லை. "வெளிய சிரிக்குது, உள்ள செத்துப்போகுது. இதை வச்சு என்ன பண்ணலாம்னு யோசிச்சேன்" என்றார். காற்றழுத்தமும் வோல்டேஜும் தெரியாமலே எங்கள் ஆசிரியரின் பாடத்தை அந்த மனிதர் தானாகக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"எதுக்குப்பா இப்படி?" என்றேன். அவர் பங்களாவில் முன்பு இருந்த சமையல்காரரைப் பற்றிச் சொன்னார். கோலா உருண்டையும் எலும்பு ரசமும் அவர் கையால்தான் என்று இருந்த காலம். உதவிக்கு வந்த பையனுக்கு எல்லாப் பக்குவத்தையும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் பாதிச் சம்பளத்துக்கு அந்தப் பையனே போதும் என்று பெரியவரை அனுப்பிவிட்டார்கள். "செடிக்குத் தண்ணி ஊத்த எவன் வேணா வருவான். இந்த ஒண்ணுதான் என்னைய தேடி காரு வர வச்சுச்சு" என்றார். அவரிடம் குற்ற உணர்ச்சியும் இல்லை, ஜம்பமும் இல்லை. வெண்டைக்கு எப்போது தண்ணீர் விட வேண்டும் என்று சொல்கிற அதே குரல்.

"அந்தப் பையன் கையெல்லாம் கொப்பளிச்சுச்சே?" என்று கேட்டேன். அதற்கு மட்டும் கொஞ்ச நேரம் பதில் இல்லை. "பாவந்தான்" என்றார். பையன் அதற்குள் வேலையை விட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டிருந்தான்.

நான் நின்றுபோகிற இடம் இதுதான். சம்பளம் கொடுப்பவருக்கும் அப்பாவுக்கும் இடையில் நடந்ததாக இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு அப்பா பக்கம். ஒரு பிளக் விலையில் ஒரு குடும்பம் பிழைத்தது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்த வித்தைக்கு ஒரு ஏமாளி தேவைப்பட்டான். அது பங்களா ஐயா அல்ல. அவர் ஒரு தடவைகூடக் கயிற்றைத் தொட்டதில்லை. எங்களைவிடவும் இல்லாத வீட்டிலிருந்து வந்த ஒரு பையன்தான் இழுத்து இழுத்துத் தன் கையில் ராசி இல்லை என்று நம்பிக்கொண்டு ஊரை விட்டுப் போனான். கடை பெஞ்சில் "ஒரு கை வேணும்ப்பா" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அவன் கைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

இரவில் ஓட்டிப் பார்த்தவர்

இந்த மெஷினின் பூர்வீகமே ரகசியத்தில் தொடங்குகிறது. 1830-இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் ஊரில் எட்வின் பட்டிங் என்பவர் புல் வெட்டும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரைச் சீவ மில்களில் ஓடிய உருளைக் கத்தியைப் பார்த்து, இதையே புல்லின் மேல் ஓட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள் என்று ராத்திரியில்தான் ஓட்டிப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. நிஜமோ கட்டுக்கதையோ, அப்பாவுக்கு அதைச் சொன்னபோது ரொம்பப் பிடித்திருந்தது. அப்புறம் குதிரை கட்டி இழுத்தார்கள். குளம்பு தரையைக் குழி பறிக்காமல் இருக்கக் குதிரைக்குத் தோல் பூட்ஸ் மாட்டினார்கள். நம் நாட்டு மைதானங்களில் அதே வேலையை மாடு செய்தது. 1902-இல் ரான்சம்ஸ் கம்பெனி பெட்ரோல் மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1952-இல் ஆஸ்திரேலியாவில் ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையில் செய்த முதல் மெஷினுக்குப் பெட்ரோல் டேங்காக வைத்தது பீச் பழம் அடைத்து வந்த டப்பா. அதிலிருந்து கிளம்பியதுதான் 'விக்டா' கம்பெனி. அந்த மாதிரி ஆட்கள் செய்த வேலை என்று நினைத்தால் அந்தப் பழைய இன்ஜின்கள்மேல் எனக்கு இன்னமும் ஒரு பாசம்தான்.

கயிறு தானாக உள்ளே சுருண்டு கொள்கிற ரீகாயில் ஸ்டார்ட்டர் வந்த பிறகு கதை மாறியது. புல்லிக்குள் ஒரு சுருள் ஸ்பிரிங். இழுத்துவிட்டால் அதுவே கயிற்றைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். முடிச்சு மாட்டும் வேலை இல்லை, மூஞ்சியில் அடிக்கும் பயமும் இல்லை. பங்களா ஐயாவின் மகன் வெளிநாட்டிலிருந்து அப்படி ஒரு புது மெஷினைக் கொண்டுவந்தார். அப்பா அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. பழையதை எடைக்குப் போட்டார்கள். புது மெஷினை டிரைவர் இழுத்தார், ஓடியது. வாட்ச்மேன் இழுத்தார், ஓடியது. பங்களா அம்மாகூட ஆசைக்கு ஒரு தடவை இழுத்துப் பார்த்துச் சிரித்தார். எல்லாரும் இழுத்து முடித்த பிறகு மெஷினை அப்பாவிடம் கொடுத்துவிட்டு நிழலுக்குப் போய்விட்டார்கள். சித்திரை வெயிலில் அதைத் தள்ளிக்கொண்டு போக அவர்களில் ஒருவருக்கும் மனசில்லை. அப்பா தன்னால் முடிகிறவரை அந்த வேலையில் இருந்தார். அவர் பயந்த மாதிரி யாரும் அவர் இடத்தைக் கேட்டு வரவே இல்லை. வெற்றிலைப் பைக்குள் பிளக்கை வைத்துக்கொண்டு அலைந்த வருஷங்களில் அவர் காவல் காத்தது யாருக்கும் வேண்டாத ஒரு வேலையைத்தான் என்று சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும். "உனக்கென்னடா தெரியும், பயந்தவருக்குத்தான் தெரியும்" என்பார்.

இப்போது புறநகர்ப் பக்கம் குடியிருப்புகளில் பேட்டரி மெஷின்கள் வந்துவிட்டன. பட்டன்தான். ஆனால் சில பேட்டரிகளில் ஒரு செல் இறங்கிப்போனால் உள்ளே இருக்கும் சர்க்யூட் மொத்தப் பேட்டரியையும் பூட்டிவிடுகிறது. அந்த ஒரு செல்லை மாற்றினாலும் பூட்டு திறக்காது. புதுப் பேட்டரி வாங்கு என்கிறார்கள். அப்படி ஒன்றை என்னிடம் கொண்டுவந்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அப்பா செய்ததற்குப் பயம் ஒரு காரணமாக இருந்தது. இவர்களுக்கு என்ன பயம்?

அந்தக் கோபத்தில்தான் நான் ஒரு வேலை செய்யத் தொடங்கினேன். என் பிழைப்பு பெரும்பாலும் டீசல் பம்ப்செட்டில். ஹேண்டில் போட்டுச் சுற்றுகிற, நிமிஷத்துக்கு 650 சுற்று ஓடுகிற லிஸ்டர் மாதிரி இன்ஜின்கள் இன்னும் சில தோட்டங்களில் உயிரோடு இருக்கின்றன. அதற்கும் பலம் தேவையில்லை. லீவரைத் தூக்கி வால்வைத் திறந்து வைத்தால் உள்ளே அழுத்தமே இருக்காது. ஃப்ளைவீல் வேகம் பிடிக்கும்வரை சுற்றிவிட்டு லீவரை விட்டால் அந்தச் சக்கரத்தின் கனமே பிஸ்டனை மேலே தள்ளிவிடும். பழைய சோறு தாத்தாவுக்கும் ரகசியம் அதுதான். அதனால் ரிப்பேர் பார்த்துவிட்டு வரும்போது மோட்டார் ரூம் சுவரில் பெயின்ட்டால் எழுதிவிடுவேன். டீசல் டேப்பைத் திற, ஏர் எடு, லீவரைத் தூக்கிக்கொண்டு சுற்று, நாசில் கிர்ரென்று சத்தம் கொடுத்ததும் வேகம் கூட்டு, லீவரை விடு, கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வை.

சோழவந்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்படி எழுதிவிட்டு வந்தேன். அடுத்த தடவை போனபோது சரியாக அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு அடித்திருந்தது. தோட்டக்காரருக்கு எழுத்து இருந்ததே ஞாபகம் இல்லை. இன்ஜின் ஓட்டுகிற பெரியவர் வாய்க்கால் ஓரமாக நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், பேசவில்லை. பெயின்ட் டப்பா வண்டியில்தான் இருந்தது. எடுக்கவில்லை. கிளம்பும்போது கன்றுக்குத் தண்ணீர் காட்ட வந்த அந்த வீட்டு மருமகளிடம், அந்த லீவர் எதற்கு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.